கணக்கு நோட்டும் சுண்டல் அண்டாவும்

பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர்கள் சந்தேகங்களை எழுதி அனுப்பலாம் என்று போன இதழில் நான்கே வரி போட்டிருந்தோம். பள்ளி திறந்து புது நிர்வாகிகள் வரும் நேரம் என்பதாலோ என்னவோ, ஒரு மஞ்சப்பை நிறையக் கடிதம் வந்துவிட்டது. பதில் சொல்ல என்னை உட்காரவைத்திருக்கிறார்கள். டெல்டா பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறு வருடம் பொருளாளராக இருந்தவள் நான். வக்கீல் இல்லை, ஆடிட்டரும் இல்லை. தப்புச் செய்து, திட்டு வாங்கி, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று ஒன்று, பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று. இரண்டிலும் என் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுதானே? எதற்கு இரண்டு நோட்டு, இரண்டு பேங்க் கணக்கு?
– ஒரு அம்மா, பட்டுக்கோட்டை

ஒன்று இல்லைங்க. மேலாண்மைக் குழு சட்டப்படி வந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது: குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-ல் 20 பேர் குழுவாக இதை மறுபடி கட்டினார்கள். 2024-ல் 24 பேராக்கி முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். தலைவர் ஒரு பெற்றோர்தான், தலைமை ஆசிரியர் இல்லை. பள்ளிக்கு என்ன வேண்டும் என்று வளர்ச்சித் திட்டம் எழுதுவதும், அரசு தரும் பள்ளி மானியம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் வேலை. அந்த மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 250-க்கு மேல் 1,000 வரை பிள்ளைகள் இருந்தால் வருடத்துக்கு 75,000 ரூபாய் என்பது விதி. அதில் பத்தில் ஒரு பங்காவது சுகாதாரத்துக்குப் போக வேண்டும். கக்கூஸில் பக்கெட் இல்லை, பினாயில் இல்லை என்று யாராவது சொன்னால் முதலில் இந்தக் கணக்கைத்தான் கேட்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகம் அதைவிடப் பழசு. ஊர்ப் பணம், பெற்றோர் பணம், பழைய மாணவர் பணம் எல்லாம் இதில்தான் வரும். கணக்குப் பாடத்துக்கு ஆள் இல்லையென்றால் ‘பி.டி.ஏ. டீச்சர்’ போட்டு மாதம் பிறந்தால் சம்பளம் தேடுவதும் இதுதான். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த எல்லோரும் ஒரு காலத்தில் புரட்டிய பி.டி.ஏ. வினாப் புத்தகம்கூட மாநிலக் கழகம் போடுவதுதான்.

இரண்டையும் கலக்காதீர்கள். எங்கள் பள்ளியில் ஒரு தடவை போர் மோட்டார் எரிந்துபோய், அவசரத்துக்குக் கழகப் பணத்தில் காயில் கட்டிவிட்டு, அப்புறம் பில்லை மேலாண்மைக் குழு நோட்டில் சேர்த்தோம். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். தணிக்கையில் அதை விளக்க எனக்கும் தலைமை ஆசிரியருக்கும் மூன்று நாள் போனது.

ஒரு வருடத்தில் என்னவெல்லாம் செய்தால் உருப்படியாகப் பணம் சேரும்? நாங்கள் போன வருடம் ஒரு பெரிய உணவுத் திருவிழா நடத்தி 30 பேர் இரண்டு நாள் உழைத்து, கடைசியில் கையில் நின்றது 4,000 ரூபாய்தான். மனசே விட்டுப்போச்சு.
– ஒரு செயலாளர், மயிலாடுதுறை

இந்த மனசு விட்டுப்போவது எல்லாக் கழகத்துக்கும் முதல் வருடம் வரும். உணவுத் திருவிழா காசுக்காக நடத்துவது இல்லை. ஒருத்தர் முகம் ஒருத்தருக்குப் பழகட்டும் என்று நடத்துவது. அதற்கு மேல் 4,000 வந்தது லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு எதில் வந்தது என்று என் நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன். நம்ப மாட்டீர்கள், பழைய பேப்பரில். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் வீட்டிலிருந்து பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, போன வருட நோட்டு கொண்டுவந்து சைக்கிள் ஷெட்டில் போடுவார்கள். கிலோ 11, 12 என்று விற்போம். மாதம் 250 கிலோ தேறும். ஒன்பது மாதத்தில் 26,000 சொச்சம். இதற்கு உழைத்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நான்கு. முதல் இரண்டு மாதம் ஏமாந்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். வாங்க வந்தவர் அவருடைய தராசைத்தான் கொண்டுவந்தார். பத்து கிலோ கட்டு அதில் ஒன்பது காட்டும். ஒரு பையனின் அப்பா மளிகைக் கடைக்காரர். அவர் கடைத் தராசை டிவிஎஸ் 50-யில் வைத்துக் கொண்டுவந்து நிறுத்திய அன்றைக்கு, பேப்பர்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்து பழைய மாணவர்களுக்குக் கடிதம். ‘பள்ளி வளர்ச்சி நிதிக்குத் தாராளமாக நன்கொடை தாருங்கள்’ என்று அச்சடித்து அனுப்பினால் யாரும் எடுத்துப் படிப்பது இல்லை. நாங்கள் முதல் வருடம் அனுப்பியது அப்படித்தான். 80 கடிதத்துக்கு மூன்று பதில். இரண்டாவது வருடம், ‘நீங்கள் உட்கார்ந்த 9-பி வகுப்பின் கிழக்குச் சன்னலுக்குக் கதவு இல்லை, மழை பெய்தால் மூன்றாவது பெஞ்ச் வரை நனைகிறது, கதவு போட 6,800 ரூபாய், கொல்லரின் விலைச்சீட்டு இணைத்திருக்கிறோம்’ என்று எழுதினோம். திருப்பூரிலிருந்து ஒருத்தர் அன்றைக்கே போன் பண்ணி, ‘அந்த மூணாவது பெஞ்ச்ல நான்தாங்க உட்கார்ந்திருந்தேன்’ என்றார். சன்னலுக்குக் கதவு வந்தது. அவர் செட்டுக்காரர்கள் சேர்ந்து அந்த வரிசையில் இருந்த மற்ற நான்கு சன்னலுக்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

அப்புறம் பக்கத்து ஆலை, கம்பெனி எதுவும் இருந்தால் அதன் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவுசெலவோ உள்ள நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட்டாக வேண்டும். கழிப்பறைக் கட்டடம், ஆய்வகம் மாதிரி பெரிய வேலைக்கு இதுதான் சரி. தமிழக அரசே 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று ஒரு ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. எந்தப் பள்ளி, என்ன வேலை என்று குறிப்பிட்டே அதில் பணம் கொடுக்கலாம். வெளியூரில் இருக்கிற பெரிய கைகளுக்கு அந்த வழியைக் காட்டிவிடுங்கள்.

ஆண்டு விழாவில் 50 ரூபாய் கூப்பன் அடித்து, குலுக்கலில் மிக்சி, குக்கர் பரிசு கொடுக்கலாம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. 2,000 கூப்பன். நல்ல யோசனைதானே?
– ஒரு துணைத் தலைவர், திண்டுக்கல்

அச்சாபீசுக்கு இன்னும் போகவில்லை என்றால் அப்படியே நிறுத்திவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து, குலுக்கி, ஒருத்தருக்கு மட்டும் பரிசு என்றால் அதற்குப் பெயர் லாட்டரி. தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்கு 2003 ஜனவரியில் தடை வந்தது. அதற்கும் முன்னால் 1979-லேயே பரிசுத் திட்டத் தடைச் சட்டம் இருக்கிறது. அனுமதி இல்லாத லாட்டரி பழைய தண்டனைச் சட்டத்தில் 294-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 297. ‘பள்ளிக்காகத்தானே’ என்று சொன்னால் எந்த ஸ்டேஷனிலும் எடுபடாது. எங்கே பார்த்தாலும் நடக்கிறதே என்பீர்கள், நடக்கிறதுதான். ஆனால் கூப்பனில் அச்சாகியிருப்பது பள்ளியின் பெயர், மாட்டுவது தலைமை ஆசிரியர்.

ஏலம் விடுங்கள். நம் ஆட்களுக்கு ஏலம் என்றால் ரத்தத்தில் ஊறியது. விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல் முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தின்போது வேலில் குத்திய எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறார்கள் அல்லவா? எங்கள் பள்ளித் தோட்டத்தில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட பரங்கிக் கொடியில் முதல் காய் வந்தது. நான்கு கிலோ இருக்கும், ஒரு பக்கம் கொஞ்சம் சொத்தை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடிந்ததும் மேஜை மேல் வைத்து ஏலம் விட்டோம். நூறில் ஆரம்பித்தது. உரக்கடைக்காரரும் முன்னாள் கவுன்சிலரும் முட்டிக்கொண்டதில் 2,300-க்குப் போய் நின்றது. ஜெயித்தவர் காயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இதைச் சமைச்சா என் வீட்டுக்காரி என்னைத்தான் சமைப்பா’ என்று சத்துணவு ஆயாவிடமே கொடுத்துவிட்டார். மறுநாள் சாம்பாரில் பரங்கி.

மொய் விருந்து வைத்துப் பள்ளிக்குப் பணம் திரட்டலாமா?
– ஒரு முன்னாள் மாணவர், பேராவூரணி

உங்கள் ஊர்க்காரருக்கு நான் மொய் பற்றிச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் ஒன்று. மொய் திரும்ப வேண்டிய பணம். ஆடி ஆவணியில் கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் கறிச்சோறு போட்டு மொய் வாங்குகிறவர், நாளைக்கு அவர்கள் விருந்தில் போய்த் திரும்பச் செய்கிறவர். பள்ளிக்கூடம் யார் வீட்டு விருந்தில் போய் மொய் எழுதும்? மொய் என்று பத்திரிகை அடித்தால், ஐந்து வருடம் கழித்து ஒருத்தர் நோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தச் சமயத்துத் தலைமை ஆசிரியரிடம் வந்து நிற்பார். ‘திரும்பாத மொய்’ என்று பத்திரிகையிலேயே போட்டு, மொய் நோட்டுக்குப் பதிலாக ரசீதுப் புத்தகத்தோடு உட்காருங்கள். விருந்து செலவை யாராவது ஒருவர் தனியாக ஏற்றுக்கொண்டால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் ஆட்டுக்கறி விலைக்கு வசூல் சரியாகப் போய்விடும்.

எங்கள் ஊரில் ‘கல்விச் சீர்’ என்று மேளதாளத்தோடு தாம்பூலத் தட்டில் சாமான் கொண்டுபோய்ப் பள்ளிக்குக் கொடுக்கிறார்கள். எனக்கு இது வீண் பகட்டாகத் தோன்றுகிறது. அந்த மேளக்காசில் இரண்டு ஃபேன் வாங்கலாமே?
– ஒரு அப்பா, அறந்தாங்கி

நானும் முதலில் இப்படித்தான் நினைத்தேன். ஆனால் இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. காமராஜர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. யார் என்ன கொடுக்கிறார்கள் என்று மேடையிலேயே அறிவிப்பார்கள். நிலம், கட்டடம், பெஞ்ச், சீருடை, சிலேட்டு என்று ஊரே கொண்டுவந்து வைத்தது. மதிய உணவே முதலில் ஊரார் பங்களிப்பில்தான் நடந்தது. இப்போது அதுவே சீர் வரிசையாக வருகிறது, அவ்வளவுதான். தாய்மாமன் வீட்டுச் சீர் என்று சொன்னால் நம் ஊரில் ஆளுக்கு ஆள் முறுக்கிக்கொண்டு செய்வார்களே, அந்த ரோஷம் பள்ளிக்குப் பயன்பட்டால் நல்லதுதானே.

எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பிள்ளையார் கோயிலிலிருந்து கிளம்பினோம். தவில், நாதசுரம் இரண்டும் பெற்றோரே. ஒரு பைசா வாங்கவில்லை. முன்னால் 31 தட்டு. சாக்பீஸ் பெட்டி, டஸ்டர், குடிநீர் டிரம், பிளாஸ்டிக் நாற்காலி, உலக உருண்டை, இரண்டு பேர் தூக்கிவந்த பீரோ. எங்கள் தெருவில் பிள்ளை குட்டி இல்லாத ஒரு ஆயா இருக்கிறார். அவரும் ஒரு எவர்சில்வர் தட்டில் குங்குமம் வைத்து, இரண்டு தென்னந்துடைப்பமும் ஒரு பினாயில் பாட்டிலும் அடுக்கி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரிசையில் வந்தார். தலைமை ஆசிரியர் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தது போலவே அவருக்கும் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு மேளச் சத்தத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை.

கோளாறு வேறு இடத்தில் வந்தது. தட்டுகளை இறக்கிப் பார்த்தால் சுவர்க்கடிகாரம் மட்டும் பதினொன்று! விலையும் குறைவு, தட்டில் வைத்தால் பார்க்கவும் எடுப்பு. மொத்த வகுப்பறை எட்டு. அதில் இரண்டில் ஃபேனே இல்லை. அடுத்த வருடம் ஒரு மாதம் முன்னாலேயே, வேண்டிய சாமான் பட்டியலை விலையோடு எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினோம். 40 ரூபாய் சாக்பீஸ் பெட்டியிலிருந்து 2,400 ரூபாய் ஃபேன் வரை. யார் எதை எடுத்துக்கொள்கிறார்களோ அதற்கு நேராகப் பெயர் எழுதிவிட வேண்டும். எழுதிய சாமானை இன்னொருத்தர் வாங்க முடியாது. கடிகாரம் ஒன்றுகூட வரவில்லை. ஃபேன் ஐந்து வந்தது. அதில் ஒருத்தர் மட்டும் இறக்கைக்கு இறக்கை ‘உபயம்’ எழுதிக் கொடுத்திருந்தார். மாட்டி ஓடவிட்டதும் பெயர் தெரியவில்லை என்று, போட்டோ எடுக்கிற வரைக்கும் ஃபேனை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினோம். அதற்கென்ன.

கூட்டம் போட்டால் வருகிற அதே ஐந்து அம்மாக்கள்தான். வாட்ஸ்அப் குழுவில் 180 பேர். ‘வாருங்கள், உதவுங்கள்’ என்றால் எல்லாரும் கட்டைவிரல் போடுகிறார்கள், ஒருத்தரும் வருவதில்லை. அப்பாக்கள் சுத்தம். என்ன செய்வது?
– ஐவரில் ஒருத்தி, கும்பகோணம்

முதலில் கூட்டம் எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். மதியம் மூன்று மணி என்றால், நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற அம்மா எப்படி வருவார்? அவருக்கு அக்கறை இல்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து, யார் யாரோ பொன்னாடை போர்த்திக்கொள்வதைப் பார்த்துவிட்டுப் போக அவருக்கு என்ன தலையெழுத்து? நாங்கள் ஞாயிறு சாயந்தரம் ஆறு மணிக்கு மாற்றினோம். முக்கால் மணி நேரம்தான், பொன்னாடை கிடையாது, டீ உண்டு. 12 பேர் வந்த இடத்தில் 50, 60 என்று வந்தார்கள்.

அடுத்தது, ‘உதவுங்கள்’ என்பது ஒரு வேலையே இல்லை. ‘வியாழக்கிழமை காலை 8.40-லிருந்து 9.10 வரை, கேட்டுக்கு எதிரே பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும், அரை மணி நேரம்தான்’ என்று கேளுங்கள். குழுவில் கேட்காதீர்கள், ஒரு ஆளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேளுங்கள். 180 பேரிடம் கேட்டால் யாரிடமும் கேட்காத மாதிரிதான்.

அப்பாக்கள் விஷயம். அவர்களுக்குக் கூட்டத்தில் உட்காரத்தான் கூச்சம், கை வேலைக்குக் கூச்சம் இல்லை. சேர்க்கை நோட்டில் பெற்றோர் தொழில் என்று ஒரு கட்டம் இருக்கும் பாருங்கள், தலைமை ஆசிரியரைக் கேட்டு அதிலிருந்து கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், பிளம்பர், டிரைவர் என்று மட்டும் ஒரு பட்டியல் எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பெண்ணின் அப்பா ஒருத்தர். தினமும் பள்ளி வாசலிலேயே பிள்ளையை இறக்கிவிட்டுவிட்டு முகம் கொடுக்காமல் போய்விடுவார். பட்டியலைப் பார்த்தால் ‘போர்டு ஆர்ட்டிஸ்ட்’ என்று இருந்தது. பிளெக்ஸ் வந்ததிலிருந்து பாதி நாள் வேலை இல்லாமல் இருந்தவர். ‘அண்ணே, தாழ்வாரச் சுவரில் வாய்ப்பாடு எழுதித் தர முடியுமா?’ என்று கேட்டேன். இரண்டு ஞாயிறு, காலையிலிருந்து இருட்டும் வரை. பதினாறாம் வாய்ப்பாடு வரை எழுதினார், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே மெல்லிசாக நிழல் கொடுத்து, சினிமா பேனர் மாதிரி. பெயிண்ட் செலவு மட்டும் கழகம். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகள் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்டால் தலையை இடப்பக்கம் திருப்பித்தான் சொல்வார்கள். சுவரில் அது அங்கேதான் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உதவிக்கு வருகிறார் என்பதற்காக யாரையும் பிள்ளைகளோடு தனியறையில் விடாதீர்கள், அவர் எவ்வளவு நல்லவரானாலும் சரி. மாலை வகுப்பு எடுக்கக் கல்லூரிப் பையன்கள் வந்தால், கதவு திறந்திருக்க வேண்டும், ஒரு ஆசிரியரோ அம்மாவோ கூடவே இருக்க வேண்டும். கழிப்பறைப் பக்கம் வேலை இருந்தால் பள்ளி இல்லாத நாளில். இதில் சங்கடப்பட ஒன்றும் இல்லை. வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் அதுதான் பாதுகாப்பு.

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான், இதே பள்ளியில் படித்தவன். நண்பர்களோடு சேர்ந்து இரண்டு லட்சம் அனுப்புகிறேன் என்கிறான். என் சொந்தக் கணக்கில் வாங்கி அப்புறம் கழகத்துக்கு மாற்றிவிடலாமா?
– ஒரு உறுப்பினர், மன்னார்குடி

மாற்றவே கூடாது. தம்பியும் நண்பர்களும் என்ன பாஸ்போர்ட் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது. இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே வேலை பார்க்கிறவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கணக்கில் வராது. நேராகக் கழகக் கணக்குக்கே அனுப்பச் சொல்லி, பாஸ்போர்ட் நகலை ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். எப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் வாங்க முடியாது. பதிவு உள்ள வேறு தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்கு மாற்றித் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது. அந்த நிறுவனமே பள்ளி அனுமதியோடு நேரடியாக வேலையைச் செய்து கொடுக்கலாம், அவ்வளவுதான். அக்கா கணக்கு, மச்சான் கணக்கு என்று சுற்றிவிட்டால் நாளைக்கு நோட்டீஸ் வருவது உங்கள் பெயருக்கு.

இதோடு சேர்த்து, ‘வரிவிலக்கு உண்டா’ என்று நான்கைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். கழகத்துக்கு 80ஜி பதிவு இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இருந்தாலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்ததற்குக் கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படியும் கிடையாது. இல்லாத பதிவை இருப்பதாக ரசீதில் அச்சடிக்காதீர்கள். அப்படி ஒரு ரசீதைப் பார்த்திருக்கிறேன்.

என் பையன் படிக்கும் மெட்ரிக் பள்ளியில் ‘பெற்றோர் சங்க நன்கொடை’ என்று 5,000 ரூபாய் கட்டினால்தான் ஹால் டிக்கெட் என்கிறார்கள். ரசீதும் தருவதில்லை.
– பெயர் வேண்டாம், சேலம்

கட்டாயப்படுத்தி வாங்கினால் அது நன்கொடை இல்லை. அரசு கட்டணக் குழு நிர்ணயித்ததற்கு மேல் தனியார் பள்ளி வாங்கக் கூடாது என்று 2009-ல் தமிழ்நாட்டிலேயே சட்டம் போட்டாயிற்று. எழுத்தில் கேளுங்கள், ‘இது எந்தக் கட்டணம், ரசீது உண்டா’ என்று இரண்டே வரி. முக்கால்வாசி இடத்தில் அந்தக் கடிதத்திலேயே இறங்கிவிடுவார்கள். இறங்கவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு, கல்வித் துறையின் 14417 எண்ணுக்கு ஒரு போன். தனியாகப் போகாதீர்கள். அதே வகுப்பில் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் பையனைத் தனியாகக் குறிவைக்க முடியாது.

பிள்ளைகள் கையில் உண்டியல் கொடுத்துக் கடைத்தெருவில் வசூலுக்கு அனுப்பலாமா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

வேண்டாம். கடைக்காரர் ‘அப்புறம் வாடா’ என்று சொல்வதைக் கேட்கவா பள்ளிக்கு அனுப்புகிறோம்? பெரியவர்கள் போங்கள்.

பொருளாளராக இருக்கிறேன். ஒரு பைசா தொட்டதில்லை. ஆனால் ‘அவங்க வீட்ல புது ஃபிரிட்ஜ் வந்திருக்கே’ என்று பேசுகிறார்கள் என்று காதில் விழுந்தது. ராத்திரி தூக்கம் இல்லை. விட்டுவிடலாமா?
– ஒரு அம்மா, விருத்தாசலம்

எனக்கும் இது நடந்தது. என்னைப் பற்றிச் சொன்னது ஃபிரிட்ஜ் இல்லை, கம்மல். எனக்கு வந்ததில் என் தப்பும் கொஞ்சம் இருந்தது, அதைச் சொன்னால்தான் நியாயம். உணவுத் திருவிழா முடிந்த ராத்திரி, கல்லாப் பணத்தை எண்ணாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பூஜை அலமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் எண்ணியதில் டோக்கன் கணக்குக்கும் பணத்துக்கும் 340 ரூபாய் வித்தியாசம். கையிலிருந்து போட்டு நேர் செய்தேன். அதுதான் பெரிய தப்பு. ‘குறைந்தது’ என்று அப்படியே எழுதி, கூட்டத்தில் படித்திருக்க வேண்டும். கையிலிருந்து போட்டவள் கையில் எடுத்தும் இருக்கலாம் என்றுதானே மற்றவர்களுக்குத் தோன்றும்?

அதிலிருந்து மாற்றிக்கொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும். பணத்தை நடந்த இடத்திலேயே, இரண்டு பேர் எண்ணி, ஒரே தாளில் இரண்டு பேரும் கையெழுத்து. மறுநாள் காலையிலேயே பேங்க். செக்கில் இரண்டு கையெழுத்து. ரசீதுப் புத்தகத்தில் வரிசை எண் அச்சாகியிருக்க வேண்டும். தப்பாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடு போட்டு அடிக்கட்டையோடு ஒட்டிவைக்க வேண்டும். ஸ்டாலில் ஒட்டுகிற கியூ.ஆர். கழகக் கணக்கினுடையதாக இருக்கட்டும். உங்கள் சொந்த ஜிபே எண்ணை ஒரு நாளைக்குக்கூட ஒட்டாதீர்கள். இப்போதைய சண்டையில் பாதி அங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, மாதம் முடிந்ததும் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். 12 ரூபாய் ஜெராக்ஸ் உட்பட. நான் ஒட்ட ஆரம்பித்த மூன்றாவது மாதம், அந்தக் கம்மல் பேச்சைத் தொடங்கிய அம்மாவே பலகை முன்னால் நின்று விரல் வைத்துப் படித்துவிட்டு, ‘பெருக்கல்ல ஆறு ரூபா தப்பு இருக்கு அக்கா’ என்றார். இருந்தது. திருத்தினேன். அடுத்த வருடம் அவரைத்தான் தணிக்கைக்குப் போட்டோம்.

விடாதீர்கள். விட்டால் பேசியது உண்மை என்றாகிவிடும். இந்த மாதத்துக் கணக்கை நாளைக்கே ஒட்டுங்கள்.

சுண்டல் ஸ்டால் போடப் போகிறோம். 200 பேருக்கு எத்தனை கிலோ கடலை? நிஜமாக எவ்வளவு நிற்கும்?
– மூன்று அம்மாக்கள், சிதம்பரம்

பத்து கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை. ஊறி வெந்தால் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே வரும், நூறு கிராம் பொட்டலமாக 200 கட்டலாம். பொட்டலம் பத்து ரூபாய் என்றால் 2,000. கடலை, எட்டுத் தேங்காய், எண்ணெய், தாளிக்கிற சாமான், கேஸ் எல்லாம் சேர்த்து 1,700 ஆகிவிடும். நிற்பது 300 ரூபாய். தேங்காயும் கேஸும் வீட்டிலிருந்து வந்தால் 800 நிற்கும். ‘எங்க வீட்டுத் தேங்காய்தானே’ என்று விட்டுவிடாமல், அதையும் வரவில் விலை போட்டு எழுதுங்கள். கொடுத்தவருக்குப் பலகையில் தன் தேங்காயைப் பார்க்க ஒரு சந்தோஷம்.

முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கே ஊறப்போடுங்கள், காலையில் போட்டால் நறுக் நறுக்கென்று இருக்கும். உப்பைப் பாதி வெந்த பிறகு போடுங்கள். மாங்காயைக் கடைசியில், விற்கிற இடத்தில் கலந்தால் போதும். மதியம் மூன்று மணிக்கு மேல் மீந்திருந்தால் விற்காதீர்கள், தேங்காய் போட்டது, வாடை வந்துவிடும்.